எட்டு மணி பஸ்ஸும் ஒரு பழைய கோப்பும்

வில்லியனூரில் எங்கள் தெரு முனையில் காலை எட்டு மணிக்கு மாணவர் சிறப்புப் பேருந்து வந்து நிற்கும். நான் ஏழே முக்காலுக்கே செய்தித்தாளுடன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். பஸ் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் பிந்தினாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. "ரிட்டையர் ஆகிப் பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் பஸ்ஸுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களே சார்" என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். அவருக்குப் பாதிக் காரணம்தான் தெரியும். மீதியை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வயது எழுபத்தைந்து ஆகிவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போடுவது சரியில்லை.

1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நகரத்துக்குள் ஒரு பள்ளியில் பிரெஞ்சு வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டினார். வில்லியனூரிலிருந்து முதலியார்பேட்டைக்குச் சைக்கிள் மிதித்துப் போவார். கேரியரில் நான். அப்பாவுக்குக் காலை ஷிப்டு என்றால் நாலரை மணிக்கே எழுப்பிவிடுவார். தூக்கக் கலக்கத்தில் விழுந்துவிடாமல் இருக்க, என் இடுப்பைத் தன் துண்டால் அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தால் அங்கே கொஞ்சம் கண் அசரலாம். பிறகு மில் வாசலில் உள்ள டீக்கடையில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். நான் பள்ளி திறக்கும் வரை அரிக்கேன் வெளிச்சத்தில் பாடம் படிப்பேன். அப்பாவுக்கு இரவு ஷிப்டான வாரங்களில் நடைதான். வழியில் மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பக்கம் போகும் மாட்டு வண்டிக்காரர்கள் யாராவது இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்வார்கள்.

ஒரு நாள் வகுப்பில் டிக்தே. ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். பிரான்சில் ஏதோ ஒரு கிராமம், பனிக்காலம். பிள்ளைகள் சாலையோரம் நிற்கிறார்கள், ஒரு பஸ் வந்து அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறது. அதற்கு 'ரமஸாழ் ஸ்கோலேர்' என்று பெயர். "ரமஸாழ் என்றால் என்ன முசியே?" என்று கேட்டேன். "கீழே கிடப்பதைப் பொறுக்கி எடுப்பது" என்றார். வகுப்பே சிரித்தது. பிள்ளைகளைப் பொறுக்குகிற பஸ்ஸா! ஒரு வாரம் ஒருவரையொருவர் 'பொறுக்கி' என்று கூப்பிட்டுக்கொண்டோம்.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னேன். அம்மாவும் சிரித்தார். என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது. ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தாள். "அந்த பஸ் நம்ம ஊருக்கு வருமா அண்ணே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. அவளையும் நகரத்தில் பிரெஞ்சு வகுப்பில் சேர்க்க அப்பாவுக்கு ஆசை இருந்தது. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் பலகையில் எழுதிப் பார்ப்பதை அவள் வாயிலேயே சொல்லிவிடுவாள். ஆனால் சைக்கிளில் இருப்பது ஒரு கேரியர். அதில் ஏற்கெனவே நான் உட்கார்ந்திருந்தேன். தினமும் போக வர பஸ் கட்டணத்துக்கு மில் கூலியில் இடமில்லை. வயசுக்கு வரப்போகும் பெண்ணை இருட்டில் மில் வாசலில் உட்கார வைப்பார்களா என்று பாட்டி வேறு கேட்டார். அவள் நின்றுவிட்டாள். யாரும் அவளைத் திட்டி நிறுத்தவில்லை. படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் போனேன், அவள் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

படித்து முடித்து 1970களில் அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தவறு என்னுடையது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு மனு என் மேசைக்கு வந்தது. மேற்கே உள்ள ஒரு சிற்றூர். புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்முடையது ஒரே துண்டு நிலம் அல்ல. நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் வரும், பிறகு மறுபடி நம் ஊர்கள் வரும். அப்படித் தள்ளிக் கிடந்த ஊர் அது. ஊரில் தொடக்கப் பள்ளி உண்டு. உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் வயல் வழியே நடந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். காலையும் மாலையும் பள்ளி நேரத்துக்கு ஒரு பஸ் ஊருக்குள் வந்து போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துகளைவிடக் கைநாட்டுகள்தான் அதிகம்.

எங்கள் பிரிவில் இதற்கொரு நடைமுறை இருந்தது. அந்த ஊரிலிருந்து இப்போது எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பள்ளியைக் கேட்போம். கேட்டேன். பதில் வந்தது: ஒன்பது பேர். அதில் பெண்கள் இரண்டு பேர். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பஸ்ஸா? குறிப்பு எழுதினேன். 'மனுவில் கண்ட ஊரிலிருந்து பயிலும் மாணவர் எண்ணிக்கை ஒன்பது மட்டுமே. தனிப் பேருந்து இயக்கப் போதிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. கோப்பை முடித்து வைக்கலாம்.' கண்காணிப்பாளர் படித்துப் பார்த்து, "சுருக்கமா, தெளிவா இருக்குய்யா" என்று பாராட்டினார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து பணியில் இருந்த மூத்த எழுத்தர் ஒருவர் எங்களோடு இருந்தார். இப்படி மூடும் கோப்புகளைப் பார்த்து அவர் 'கிளாஸே ஸான் ஸுவித்' என்பார். மேல் நடவடிக்கை இன்றி அடுக்கப்பட்டது என்று பொருள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு கோப்பை அடுக்கினேன். அன்று எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. அரசுப் பணத்தை மிச்சப்படுத்தினோம் என்று சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பணியாளர்களைப் பிரித்து அனுப்பியபோது எனக்கு விழுந்தது அதே சிற்றூர். தற்செயல்தான். வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, எது வரை படிப்பு என்று கேட்டு நிரப்ப வேண்டும். முதல் தெருவில் பதினேழு வயதுப் பெண் ஒன்று. படிப்பு? "அஞ்சாவது." அடுத்த வீட்டில் இரண்டு பெண்கள். "அஞ்சாவது." "அஞ்சாவது." அதற்கடுத்த வீட்டில், "ஆறாவது மூணு மாசம் போனேன் சார், மழை வந்துது, வழி பூரா தண்ணி, அப்புறம் போவல." படிவத்தில் 'ஏன் நின்றாய்' என்ற கேள்வி கிடையாது. ஆனாலும் கேட்டேன். ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ் கேட்டு எழுதிக் குடுத்தோம் சார். வரல. பொட்டப்புள்ளய அந்த வழியா இருட்டுல எப்பிடி அனுப்பறது?"

அந்த மனுவில் அவருடைய கைநாட்டும் இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை, படிவங்களைச் சரிபார்க்கும்போது என் சொந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். நான் அந்தக் குறிப்பு எழுதிய காலத்தில் பள்ளி வயதில் இருந்து, ஐந்தாவதோடு நின்றவர்கள் எத்தனை பேர்? ஆண்கள் பதினான்கு, பெண்கள் இருபத்து மூன்று. மொத்தம் முப்பத்தேழு பேர். கோப்பில் நான் எழுதியது ஒன்பது.

என் தவறு எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. பள்ளியைக் கேட்டால், வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். பஸ் தேவைப்படுவதோ வர முடியாத பிள்ளைகளுக்கு. அவர்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இருக்காது. அக்கரையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு, நீந்தி வந்தவர்களை மட்டும் எண்ணி, இந்த ஆற்றுக்குப் பாலம் வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.

அடுத்த வாரமே அந்தக் கோப்பைத் தேடினேன். அதற்குள் நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். பழைய பிரிவில் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். புதிய மனு கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். நான் அந்த ஊருக்கு மறுபடி போய் 'இன்னொரு மனு கொடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதவி உயர்வு நேரம், வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

பின்னாளில் புதுச்சேரியில் மாணவர் சிறப்புப் பேருந்து வந்தது. அப்போது ஒரு ரூபாய்க் கட்டணம். 'ஒத்த ரூபா பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அது ஏன் நம் ஊருக்கு அவசியம் என்பது, ஒரு காலத்தில் அதை மறுத்து எழுதியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. அங்கே அரசுப் பேருந்துகள் மூலை முடுக்கெல்லாம் ஓடுகின்றன. அதனால் ஒரு அட்டையைக் கொடுத்தால் போதும், ஓடுகிற பஸ்ஸே பள்ளி பஸ் ஆகிவிடும். நம் புதுச்சேரியில் நகரப் பேருந்துகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. பள்ளி நேரத்தில் ஐம்பது பிள்ளைகள் கும்பலாக நின்றால், நிறுத்தாமல் போகிற வண்டியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, டீசலும் சம்பளமும் டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆக, இங்கே அட்டை மட்டும் போதாது. பிள்ளைகளுக்கென்று தனி வண்டி வேண்டும்.

என் மகள் குடும்பம் பாரிஸ் புறநகரில் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போயிருந்தபோது, டிக்தேயில் எழுதிய அந்த 'ரமஸாழ்' பஸ்ஸை முதல்முறையாக நேரில் பார்த்தேன். நண்பர் ஒருவருடைய கிராமத்துக்குப் போயிருந்தோம். விடியாத காலையில் மூன்றே மூன்று பிள்ளைகளுக்காக ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. மூன்று பேர்! என் கோப்பின்படி பார்த்தால் அந்த பஸ் ஓடவே கூடாது. ஆனால் பாரிஸ் நகரத்தில் என் பேரன் அப்படித் தனி பஸ்ஸில் போவதில்லை. எல்லோரும் போகிற பஸ், எல்லோரும் போகிற ரயில். மாணவர்களுக்கென்று 'இமாஜினேர்' என்ற சலுகை அட்டை வைத்திருக்கிறான். கிராமத்துக்கு ஒரு முறை, நகரத்துக்கு ஒரு முறை. பள்ளியைக் கட்டினால் மட்டும் போதாது, பிள்ளையை அங்கே கொண்டு சேர்ப்பதும் அரசின் வேலைதான் என்பது இரண்டுக்கும் பொது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த விதிகள், ஐந்தாவது வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாவது வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அப்படிப் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வண்டி ஏற்பாடும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தர் கண்ணால் படித்தால் நல்ல விதிகள்தான். ஆனால் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாவது வகுப்புக்குத்தான் பள்ளி தூரமாகிறது. பெண்பிள்ளைகளை வெளியே அனுப்ப வீட்டார் யோசிக்கத் தொடங்குவதும் அந்த வயதில்தான்.

இது என் ஊகம் மட்டுமல்ல. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்க்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பது தெரிந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில்தான் பலன் அதிகமாம். அதைப் படித்தபோது அப்பாவின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் இன்னொரு சைக்கிள் இருந்திருந்தால்?

"இப்போதுதான் தெருவுக்குத் தெரு தனியார் பள்ளி வேன் வருகிறதே, அரசு பஸ் எதற்கு?" என்று என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு பால்காரரிடம் பேசியதைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன். அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பையனை எடுத்து, கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். ஆங்கிலத்துக்காகவா என்றேன். "அதெல்லாம் அப்புறம் சார். வேன் வீட்டாண்ட வருது. நானும் அவளும் அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிடறோம். புள்ளய யாரு கொண்டு போயி விடறது?" என்றார். அரசுப் பள்ளிகள் காலியாவதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறோம். அதில் ஒன்று, வாசலில் வந்து நிற்கிற அந்த வேன்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது சிறப்புப் பேருந்துகளும் நின்றன. பள்ளிகள் திறந்த பிறகும் அவை உடனே வரவில்லை. மாணவர்கள் கேட்டார்கள், பெற்றோர் கேட்டார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் பள்ளிக்குப் போவதை விட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு பஸ் திரும்ப வந்தது. ஒருத்தி பள்ளிக்குத் திரும்பினாள். மற்றவள் திரும்பவில்லை. பஸ் திரும்ப ஓடியது செய்தித்தாளில் வந்தது. திரும்பாத பெண்ணைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. வராதவர்கள் எப்போதும் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

என் தங்கைக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அந்தக் கோப்பு விஷயத்தை நெடுநாள் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். போன வருடம் ஒரு மாலையில் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஒன்பதுன்னு எழுதும்போது ஒரு தடவையாவது என் ஞாபகம் வந்துதா அண்ணே?" என்றாள்.

வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கேரியரில் உட்கார்ந்து போனவனுக்கு, இடமில்லாமல் நின்றவளின் ஞாபகம் எழுத்தர் நாற்காலியில் வரவில்லை. அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவளுடைய மகன் வயிற்றுப் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். எட்டு மணி பஸ்ஸில்தான் போகிறாள். தங்கையும் தினமும் அவளோடு தெருமுனை வரை வருவாள். பஸ் கிளம்பும் வரை நின்று, ஏறுகிற பிள்ளைகளை விரல் மடக்கி எண்ணுவாள். எண்ணி முடித்து என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டுவிட்டு வருவதும் அவள்தான்.

இன்று பஸ் நான்கு நிமிடம் பிந்தி வந்தது. ஏறியவர்கள் பத்தொன்பது பேர். "இன்னும் ரெண்டு பேரக் காணோம், சாயங்காலம் போய்ப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.